வெள்ளிக்கிழமை நல்லவர்கள்

பிப்ரவரி 3, திங்கள்

பி.எஸ்சி. கணினி அறிவியலில் எனக்கு 86. முகத்தில் 41.

இரண்டாவது மதிப்பெண்ணை இன்று காலை பதினொரு மணிக்கு வாங்கினேன். ஈரோட்டில் ஒரு ஸ்கூட்டர் ஷோரூமுக்கு மேல்மாடியில் இருக்கிறது கம்பெனி. நேர்காணலுக்கு வரச் சொல்லியிருந்தார்கள். போனால் அறையில் ஆளே இல்லை. ஒரு நாற்காலி, ஒரு லேப்டாப். திரையில் "உங்கள் பலம் என்ன?" என்று எழுத்து வந்தது. கேமராவைப் பார்த்துப் பதில் சொல்ல வேண்டுமாம். யாருமில்லாத அறையில் என் பலத்தைப் பற்றி நானே பேச வெட்கமாக இருந்தது. யாராவது இருந்திருந்தால் இன்னும் வெட்கமாக இருந்திருக்கும்.

நான் என்ன சொன்னேன் என்பதைப் பற்றி அதற்கு அக்கறையில்லை. எப்படிச் சொன்னேன் என்று முகத்தை மட்டும் பார்த்ததாம். தன்னம்பிக்கை 41. குழு மனப்பான்மை 37. புரோகிராமர் வேலைக்கு இரண்டிலும் அறுபது வேண்டும்.

வெளியே வந்தபோது ஹரிகிருஷ்ணன் சார் நின்றிருந்தார். கிளைக்கு அவர்தான் மேனேஜர்.

"ஃபீல் பண்ணாதம்மா. லேபிளிங் டீம்ல ஆள் வேணும். அதுக்கு முகமெல்லாம் பாக்க மாட்டோம்."

உண்மைதான். அந்த வேலையில் நாங்கள்தான் முகம் பார்க்க வேண்டும்.

அப்பாவிடம் போனில் கம்ப்யூட்டர் வேலை கிடைத்துவிட்டது என்று மட்டும் சொன்னேன். எங்கள் தெருவில் முதல் டிகிரி நான். அவர் மஞ்சள் மண்டியில் மூட்டை இறக்குபவர்களுக்கெல்லாம் டீ வாங்கிக் கொடுத்தாராம்.

பிப்ரவரி 5, புதன்

வேலை இதுதான். திரையில் ஒரு முகம் வரும். இந்த ஆள் எவ்வளவு நேர்மையானவர் என்று ஒன்று முதல் ஐந்துக்குள் ஒரு எண்ணை அழுத்த வேண்டும். ஒரு முகத்துக்கு ஆறு விநாடி. எங்கள் நெட்டில் அடுத்த முகம் வர இருபது விநாடி ஆகும். ஒரு நாளைக்கு ஆயிரத்து நூறு முகம். இப்படி லட்சக்கணக்கில் சேர்த்து மெஷினுக்குக் கொடுத்தால், அது படித்துக்கொண்டு, பிறகு தானாகவே நேர்மையைச் சொல்லுமாம்.

ஒரே முகம் மூன்று பேருக்குப் போகிறது. எங்கள் வரிசையில் நான், நஸ்ரீன், ஜெயந்தி அக்கா. இரண்டு பேர் ஒரே எண்ணைப் போட்டால் அதுதான் உண்மை. மாற்றிப் போட்டவருக்குத் துல்லியம் குறையும். இரண்டு வாரம் தொண்ணூறுக்குக் கீழே போனால் வேலை இல்லை.

மதியச் சாப்பாட்டின்போது ஜெயந்தி அக்காவிடம் கேட்டேன். இங்கே இரண்டு வருடமாக இருப்பவர்.

"அந்த ஆளு நேர்மையானவரான்னு எப்பிடிங்க்கா கண்டுபிடிக்கறது?"

"அதெதுக்கு நமக்கு? நஸ்ரீன் என்ன போடுவான்னு கண்டுபுடி, போதும்."

"நஸ்ரீன் எப்பிடிப் போடுவா?"

"அவ நீ என்ன போடுவேன்னு பாத்துப் போடுவா. நான் உங்க ரெண்டு பேரையும் நெனச்சுப் போட்டுக்கறேன். சாப்புடு சாமி, ரசம் ஊத்திக்க."

பிப்ரவரி 7, வெள்ளி

ஜெயந்தி அக்கா காலையில் வந்ததும் கம்ப்யூட்டருக்குக் குங்குமம் வைத்தார். பிறகு எங்கள் இருவரையும் பார்த்து விரலை நீட்டினார்.

"வெள்ளிக்கெழமையும் அதுவுமா யாரையும் திருடன்னு சொல்லக் கூடாது, ஆமா. நானெல்லாம் இன்னிக்கு நாலுக்குக் கீழ போட மாட்டேன்."

"அக்கா, எனக்கு வெள்ளிக்கிழமை ஜும்மாதானே, நானும் போட மாட்டேன்" என்றாள் நஸ்ரீன்.

இரண்டு பேர் முடிவு செய்துவிட்டார்கள். விதிப்படி அதுதான் உண்மை. நானும் நான்கும் ஐந்துமாக அழுத்தினேன். ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு இடத்துப் படங்கள் வரும். வெள்ளிக்கிழமை வருவது ஏதோ ஒரு கல்லூரியின் அடையாள அட்டைப் படங்கள். ஆயிரத்து நூறு பேர், அத்தனை பேரும் உத்தமர்கள்.

பிப்ரவரி 9, ஞாயிறு

துணி துவைத்தேன். பக்கெட் கைப்பிடி உடைந்துவிட்டது.

விடுதியில் என்னோடு அறையில் இருப்பவர் பூங்கொடி அக்கா. முப்பத்தாறு வயது. கடைவீதியில் பெரிய நகைக்கடையில் வேலை. கடையின் பெயரை எழுதவில்லை. நோட்டைத் தொலைக்கிற ஆள் நான் இல்லை, இருந்தாலும் வேண்டாம். பத்து வருடத்துக்கு மேல் வெள்ளி கவுண்டரில் நின்று, போன தீபாவளிக்குத்தான் தங்கத்துக்கு மாறினார். கணவர் இல்லை, அதாவது இருக்கிறார், திருப்பூரில் வேறொருவரோடு. மகள் கோபியில் விடுதியில் தங்கி பிளஸ் டூ படிக்கிறாள்.

பத்தொன்பது வயதில் அவருக்கு முகவாதம் வந்திருக்கிறது. இடது பக்கம் இன்னும் சரியாக அசையாது. சிரித்தால் வாய் வலது பக்கம் மட்டும் போகும்.

பிப்ரவரி 13, வியாழன்

துல்லியம் 88. பயமாக இருக்கிறது. மற்ற இருவரும் எதற்கு என்ன போடுகிறார்கள் என்று கவனித்து, மனதில் வைத்துக்கொண்டேன்.

கண்ணாடி போட்டவர் 4. கீழே பார்ப்பவர் 2. மீசை வாயை மூடினால் 2. வெள்ளைத்தோலுக்கு ஒன்று கூட்டலாம், யாரும் மறுக்க மாட்டார்கள். வழுக்கைக்கு 4, ஜெயந்தி அக்காவின் கணக்கு வாத்தியார் வழுக்கை. மூக்கு பெரிதாக இருந்தால் 2. நஸ்ரீனின் பெரியப்பா மகன் நிலத்தை ஏமாற்றி எழுதி வாங்கியவர், மூக்கு பெரிது. வாய் ஒரு பக்கமாகப் போனால் 1. மதியம் மூன்று மணிக்கு மேல் தூக்கம் வரும், எல்லோருக்கும் 3.

பிப்ரவரி 14, வெள்ளி

எல்லோரும் நல்லவர்கள். தலை குளித்துவிட்டு வந்ததில் சளி.

பிப்ரவரி 20, வியாழன்

துல்லியம் 94. நன்றாகப் பழகிவிட்டது.

இன்று பயிற்சி வகுப்பு. ஹரி சார் படம் போட்டுக் காட்டினார். இத்தாலியில் ஒரு டாக்டர் நூற்றைம்பது வருடத்துக்கு முன்னாலேயே கைதிகளின் மண்டையை அளந்து, திருடனுக்குத் தாடை பெரிது, காது விரிந்திருக்கும் என்று கண்டுபிடித்துவிட்டாராம். அடுத்த படம் நம் சாமுத்திரிகா லட்சணம்.

"பாருங்க, அவங்க அளந்தாங்க, நம்மாளுங்க பாத்தாலே சொன்னாங்க. ரெண்டையும் சேர்த்தா நம்ம புராடக்ட்."

பெண் பார்க்க வருகிறவர்களும் இதைத்தான் செய்கிறார்கள். ஆனால் அவர்கள் அதற்குப் பெயர் விஞ்ஞானம் என்று சொல்வதில்லை.

அப்பாவுக்குக் காது விரிந்துதான் இருக்கும். எனக்கும். தலைமுடியை இழுத்து விட்டுக்கொண்டேன். மாலையில் அப்பா கூப்பிட்டபோது இந்த வகுப்பைப் பற்றிச் சொன்னேன். சிரித்தார்.

"எங்க தாத்தனையும் இப்பிடித்தான் பாத்துருக்கறாங்க. நம்ம தெரு ஆம்பளைங்க மொத்தமும் தெனம் டேசனுக்குப் போயி ரேகை வெக்கோணும். திருடுனதுக்கு இல்ல, நம்ம தெருவுல பொறந்ததுக்கு. அப்ப வெள்ளைக்காரன் சட்டம். இப்ப நம்ம புள்ள கம்பெனி." கொஞ்சம் நிறுத்தி, "நல்லா வேலை பாரு கண்ணு" என்றார்.

அவர் எதை நினைத்து நிறுத்தினார் என்று தெரியவில்லை. சிக்னல் சரியில்லாமலும் இருக்கலாம்.

மார்ச் 6, வியாழன்

துல்லியம் 97. மாதத்தின் சிறந்த லேபிளர். சான்றிதழும் ஒரு தண்ணீர் பாட்டிலும் கொடுத்தார்கள்.

மார்ச் 12, புதன்

முதல் வாடிக்கையாளர் கிடைத்துவிட்டார். ஹரி சார் கேக் வெட்டினார். அட்சய திருதியைக் கூட்டத்துக்கு முன்னால் ஊழியர்களைச் சோதிக்க ஒரு நகைக்கடை மெஷினை வாங்குகிறதாம்.

"அங்க ஏதாச்சும் திருடு போயிருச்சாங்க சார்?" என்று ஜெயந்தி அக்கா கேட்டார்.

"இல்ல. அதான் விசயமே. திருடறதுக்கு முன்னாடியே கண்டுபிடிச்சிடும்."

எந்தக் கடை என்றும் சொன்னார். கேக்கில் முட்டை வாசனை. பாதியை நஸ்ரீனிடம் கொடுத்தேன்.

அறைக்கு வந்து பூங்கொடி அக்காவிடம் எதுவும் சொல்லவில்லை. என்ன சொல்வது? அவருக்கும் தெரிய வரும்தானே.

மார்ச் 17, திங்கள்

அக்கா இன்று அழுதுகொண்டே வந்தார். அழுதால் அவருக்கு வலது கண் சுருங்கும், இடது கண் திறந்தே இருக்கும். அதனால் முதலில் எனக்குப் புரியவில்லை.

கடையில் சூப்பர்வைசர் ஒரு டேப்லெட்டோடு கவுண்டர் கவுண்டராக வந்திருக்கிறார். "கடையில் எதையாவது எடுக்கத் தோன்றியது உண்டா?" என்பது போல ஐந்து கேள்வி. பதில் சொல்லும்போது வீடியோ. மொத்தம் நாற்பத்திரண்டு பேர். அக்காவின் நேர்மை 22. கடைசியிலிருந்து மூன்றாவது. கடைசி மூன்று பேருக்கு அடுத்த திங்கள் மறுசோதனை. அதிலும் கடைசியில் வந்தால் வேலை போய்விடும்.

"பதினொரு வருசம் சங்கவி. ஒரு திருகாணி குறைஞ்சதில்ல. மொதலாளி மக கல்யாணத்துக்கு அவங்க நகையவே நான்தான் எடுத்துக் குடுத்தேன். இப்ப என்ற மூஞ்சி பொய் சொல்லுதாம்."

"வேற கடைக்குப் போய்க்கலாங்க்கா."

"நம்பிக்கை இல்லைன்னு நகைக்கடைல இருந்து வெளிய வந்தவளை எவன் சேர்ப்பான்? இந்த வீதி முச்சூடும் ஒரே நாள்ல தெரிஞ்சு போயிரும். புள்ளைக்கு இன்னும் காலேஜு இருக்குது."

கண்ணாடி முன் நின்று, கை விரலால் இடது உதட்டைத் தூக்கிப் பிடித்துச் சிரித்துப் பழகினார். நான் பாத்திரம் கழுவப் போனேன்.

மார்ச் 19, புதன்

மாவட்ட நூலகத்துக்குப் போனேன். அந்த இத்தாலி டாக்டரைப் பற்றி இருந்தது. அவருக்குப் பின்னால் இங்கிலாந்தில் ஒரு சிறை மருத்துவர் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட கைதிகளை அளந்து, கல்லூரி மாணவர்களோடும் சிப்பாய்களோடும் ஒப்பிட்டுப் பார்த்திருக்கிறார். திருடனுக்கென்று தனி முகம் எதுவும் அகப்படவில்லை. இதெல்லாம் முடிந்து நூறு வருடத்துக்கு மேல் ஆகிறது.

தாளில் எழுதிக்கொண்டு வந்தேன். சாரிடம் சொல்ல வாய் வரவில்லை. நஸ்ரீன் தாளைப் பிடுங்கி, தன் சந்தேகம் போலச் சாரிடம் கேட்டாள். சார் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்:

"அவர்கிட்ட அப்போ ஏ.ஐ. இல்லையேம்மா."

மார்ச் 22, சனி

அக்கா இன்று கொண்டு வந்த செய்தி: வெள்ளி கவுண்டரில் நிற்கும் பதினான்கு பேருக்கும் தொண்ணூறுக்கு மேல். தங்கத்தில் யாருக்கும் முப்பதைத் தாண்டவில்லை.

கடையில் இதற்கு இரண்டு விளக்கம் ஓடுகிறதாம். தங்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தால் கண்ணில் ஆசை வந்துவிடும் என்கிறார் சூப்பர்வைசர். வெள்ளி கவுண்டர் ஈசானிய மூலையில் இருப்பதுதான் காரணம் என்று முதலாளி வாஸ்து பார்ப்பவரை வரவழைத்துவிட்டார்.

"அதுல கூத்து என்னன்னா" என்றார் அக்கா, "வெள்ளில நிக்கறாளே எங்க மல்லிகா, அவ டெய்லி எங்க டிபன்ல இருந்து அப்பளம் எடுத்துத் தின்னுட்டு இல்லைம்பா. அவளுக்கு 95."

"வெள்ளி கவுண்டர் எப்பிடிங்க்கா இருக்கும்?"

"எப்பிடி இருக்கும்? பின்னாடி ஊதா வெல்வெட்டு அடிச்சிருப்பாங்க. வெள்ளி எடுப்பாத் தெரியணுமில்ல. எங்களது செவப்பு."

அவர் ஊதா என்பது நீலத்தை. எங்கள் பக்கத்தில் அப்படித்தான்.

வெள்ளிக்கிழமைப் படங்கள் எல்லாமே நீலத் திரைக்கு முன்னால் எடுத்தவை. கல்லூரி அடையாள அட்டைக்கு எங்கேயும் நீலத் திரைதான். வாரா வாரம் ஆயிரத்து நூறு நீலம், மூன்று பேரும் சேர்ந்து நான்கும் ஐந்தும். மெஷின் முகத்தைப் பார்க்கவே இல்லை. பார்க்க வேண்டிய அவசியம் அதற்கு இல்லை. பின்னால் தெரிகிற துணியைப் பார்த்துச் சொல்லிவிடுகிறது.

இதை எழுதும்போது சிரிப்பு வருகிறது. சத்தம் போட்டுச் சிரித்தால் அக்கா எழுந்துவிடுவார்.

மார்ச் 23, ஞாயிறு

என் போனில் கம்பெனியின் மாதிரிச் செயலி இருக்கிறது. அறைச் சுவர் பின்னால் இருக்க, ஐந்து கேள்விக்கும் பதில் சொன்னேன். நேர்மை 34. அக்காவின் நீலப் போர்வையைப் பின்னால் பிடிக்கச் சொல்லி அதே பதில்களைச் சொன்னேன். 93.

"எங்க, நானு" என்றார் அக்கா. போர்வை இல்லாமல் 20, போர்வையோடு 91.

பிறகு அடங்கவில்லை. தலையணைக்குப் போர்வையைப் போர்த்தினோம், முகம் இல்லை என்றது. காலண்டரில் இருந்த முருகனைச் சிவப்புச் சேலைக்கு முன் வைத்தோம், 27. போர்வைக்கு முன் வைத்தோம், 96.

"முருகா, நீயும் வெள்ளிக்கு மாறிக்க" என்று அக்கா கட்டிலில் விழுந்து சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

எப்படிக் கண்டுபிடித்தாய் என்று கேட்டார். ஜெயந்தி அக்காவின் வெள்ளிக்கிழமை விரதத்தைச் சொன்னேன். திரும்பவும் சிரித்தார்.

மார்ச் 24, திங்கள்

மறுசோதனை. வெள்ளி கவுண்டரில் ஸ்டாக் எடுக்கப் போவது போல அக்கா அங்கே போய் நின்றுகொண்டார். சூப்பர்வைசர் அங்கேயே வைத்துக் கேள்வி கேட்டார். 91. "போன வாரம் உடம்பு சரியில்லையா?" என்று விசாரித்தாராம்.

வரும் வழியில் அக்கா ஜிலேபி வாங்கி வந்தார். நான் நான்கு தின்றேன்.

மார்ச் 26, புதன்

ஜிலேபியை நான் தின்றிருக்கக் கூடாது.

அக்கா மேலே போனதால் நான்காவதாக இருந்த பெண் மூன்றாவதாகிவிட்டாள். பெயர் அம்சவேணி. தங்கத்தில் சேர்ந்து ஐந்து மாதம். இன்று அவளை அறைக்குள் கூப்பிட்டு, மற்ற இருவரோடு அவளுக்கும் அடுத்த வாரம் மறுசோதனை என்று காகிதம் கொடுத்திருக்கிறார்கள். மெஷின் எத்தனை சொன்னாலும் முதலாளிக்குக் கடைசியில் மூன்று பேர் வேண்டும்.

அக்கா செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்று கத்தினார்.

"என்னைய தூக்கி மேல வெச்சு, அவளைக் கீழ தள்ளி உட்டுட்ட. இதுக்கு நான் ஒருத்தியே போயிருக்கலாம். அந்தப் புள்ள என்னையப் பாத்து, 'நீங்க எப்பிடிங்க்கா பாஸ் ஆனீங்க, எனக்கும் சொல்லிக் குடுங்க'ன்னு கேக்கறா. என்னனு சொல்லறது? போர்வை புடிச்சேன்னா?"

"சொல்லுங்க்கா" என்றேன்.

"ஏது?"

"அவங்களுக்குச் சொல்லுங்க. எல்லாத்துக்கும் சொல்லிருங்க."

நான் சத்தமாகத்தான் சொல்லியிருக்க வேண்டும். பக்கத்து அறைக் கதவு திறந்தது.

மார்ச் 27, வியாழன்

அக்காவிடம் வெள்ளிக்கிழமையைப் பற்றி மட்டும்தான் சொல்லியிருக்கிறேன். மற்ற நாட்களைப் பற்றிச் சொல்லவில்லை.

ஏப்ரல் 1, செவ்வாய்

அட்சய திருதியை அலங்காரம் ஒவ்வொரு வருடமும் கடைப் பெண்களின் பொறுப்பு. இந்த வருடம் அவர்கள் நீல சாட்டினைத் தேர்ந்தெடுத்தார்கள். எல்லாக் கவுண்டருக்கும், எல்லாச் சுவருக்கும், தூணுக்கும். துணி வாங்கப் போனவர்களில் மல்லிகாவும் உண்டு. அவருக்கு இதில் லாபம் ஒன்றும் இல்லை, 95 இருக்கிறது. இருந்தாலும் தூணுக்குத் தூண் ஏறிக் கட்டினாராம்.

"அவ அப்பளத்தை இனிமே நானே குடுத்தர்றேன்" என்றார் அக்கா.

மாலையில் மறுசோதனை, இந்த முறை நாற்பத்திரண்டு பேருக்கும். மிகக் குறைவு 88.

ஏப்ரல் 3, வியாழன்

முதலாளி நேரே எங்கள் அலுவலகத்துக்கு வந்துவிட்டார். கண்ணாடி அறைக்குள் அவர் பேசியது வெளியே எல்லோருக்கும் கேட்டது.

"எல்லாரும் நல்லவங்களாம்! என்னங்க மெஷின் இது?"

ஹரி சார், "அப்ப நல்ல விசயந்தானுங்களே, உங்க ஸ்டாஃப் எல்லாரும் நேர்மை" என்றார்.

"எல்லாரும் நேர்மைன்னு சொல்றதுக்கு எதுக்குங்க உங்க மெஷினு? அதை நானே சொல்லிக்க மாட்டனா? போன மாசம் நல்லா இருந்துச்சு, மூணு பேரைக் காட்டுச்சு. இப்ப ரிப்பேரு. பத்து நாள்ல சரி பண்ணிக் குடுங்க."

மூன்று பேரைத் திருடர் என்றபோது அது வேலை செய்தது. யாரும் திருடர் இல்லை என்றதும் பழுதாகிவிட்டது. நஸ்ரீன் தன் துப்பட்டாவை வாயில் வைத்துக்கொண்டாள். நான் திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். யாருக்கோ 3 போட்டேன்.

ஏப்ரல் 7, திங்கள்

நடந்ததை வரிசையாக எழுத வேண்டும்.

காலையில் ஹரி சார் எங்கள் மூவரையும் கூப்பிட்டார். மெஷினுக்கு இந்தக் கடை ஆட்களின் முகம் பழக வேண்டுமாம். டேப்லெட்டில் எடுத்த வீடியோவிலிருந்து நாற்பத்திரண்டு பேரின் படத்தையும் வெட்டி, பின்னணியை அழித்து வைத்திருந்தார்கள். யாரையும் கேட்டு எடுத்த படம் இல்லை. இவற்றுக்கு நாங்கள் எண் போட வேண்டும்.

"ரொம்ப தாராளமா போடாதீங்க. எல்லா எண்ணும் கலந்து வரணும். ஒண்ணு ரெண்டும் வரணும்."

முதல் படம் பூங்கொடி அக்கா. "எதையாவது எடுக்கத் தோன்றியது உண்டா?" என்ற கேள்விக்கு இல்லை என்று சொல்லும் நேரத்தில் எடுத்த படம். வாய் வலது பக்கம் போயிருந்தது.

ஆறு விநாடி ஆனது. திரை சிவப்பாக மின்னியது. ஒரு நிமிடம் ஆனது. சார் எழுந்து வந்தார்.

"என்னாச்சு சங்கவி, ஹேங் ஆயிருச்சா?"

"இல்லைங்க சார். இவங்களை எனக்குத் தெரியுங்க. என்ற ரூம்ல இருக்கறாங்க."

"ஓ. தெரிஞ்ச ஆளுக்குப் போடக் கூடாது, பாரபட்சம் வந்துரும். தாண்டிப் போ, அடுத்தது போடு."

அவரே என் மவுஸை எடுத்து அடுத்த படத்துக்குப் போனார். சின்னப் பெண், காதில் பிளாஸ்டிக் தோடு. அம்சவேணியாக இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம்.

"இவங்களைத் தெரியுமா?"

"தெரியாதுங்க சார்."

"அப்ப போடு."

"தெரியாதுங்களே சார்."

"அதான்மா, தெரியாதில்ல, போடு."

"தெரியாதவங்களைப் பத்தி எப்பிடிங்க சார் போடறது?"

அறையில் எல்லா மவுஸ் சத்தமும் நின்றுவிட்டது. என் குரல் அவ்வளவு தூரம் போகும் என்று எனக்குத் தெரியாது. நிறுத்தவும் தெரியவில்லை.

"தெரிஞ்சவங்களுக்குப் போடக் கூடாதுங்கறீங்க. தெரியாதவங்களுக்குத்தான் போடணுங்கறீங்க. ஒருத்தரை நல்லவங்களா கெட்டவங்களான்னு சொல்றதுக்கு, அவங்களை ஒண்ணுமே தெரியாம இருக்கறதுதாங்களா சார் தகுதி?"

ஹரி சார் கோபப்படவில்லை. அவர் கெட்டவர் இல்லை என்றுதான் நினைக்கிறேன், தெரியாது. தணிந்த குரலில், "மாசத்தோட சிறந்த லேபிளர் நீ. இத்தனை நாள் நாப்பத்தஞ்சாயிரம் பேருக்குப் போட்டியே, அவங்களை எல்லாம் தெரிஞ்சா போட்ட?" என்று கேட்டார்.

பையை எடுத்துக்கொண்டேன்.

நஸ்ரீன் மவுஸிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். ஜெயந்தி அக்கா எண்ணை அழுத்தினார். அவருக்கு இரண்டு பிள்ளைகள், வாடகை வீடு. என்ன போட்டார் என்று நான் பார்க்கவில்லை. மூன்றில் ஒருவர் மட்டும் போட்டால் அது உண்மையாகாது. நாற்பத்திரண்டு படமும் முடிவாகாமல் நிற்கும், வேறு மூன்று பேர் கிடைக்கும் வரைக்கும்.

ஏப்ரல் 8, செவ்வாய்

வேலையிலிருந்து நீக்கியதாக மெயில் வந்தது. காரணம், குழு மனப்பான்மை இல்லாமை.

கேட்காமல் எடுத்த படங்களைப் பற்றி நேற்று நான் சொன்னதை அக்கா கடையில் சொல்லிவிட்டார். கடைப் பெண்கள் நாற்பத்திரண்டு பேரும் இனி டேப்லெட் முன் நிற்க மாட்டோம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். அட்சய திருதியைக்கு மூன்று வாரம் இருக்கும்போது ஒரே நேரத்தில் நாற்பத்திரண்டு பேரை அனுப்ப முடியாது என்று முதலாளிக்கும் தெரியும். காகிதத்தை வாங்கி, படிக்காமல் மேசைக்குள் வைத்தாராம். முதல் கையெழுத்து பூங்கொடி அக்காவுடையது.

இதைச் சொல்லி முடித்ததும் அக்கா, எனக்காக வேலையை விட்டுவிட்டாய் என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். அவர் பிடித்திருக்கும்போது சும்மா இருக்க முடியவில்லை. மற்ற நாட்களைப் பற்றிச் சொன்னேன். மீசை, மூக்கு, நிறம். கடைசியாக, வாய் ஒரு பக்கம் போனால் ஒன்று போடுவோம் என்பதை.

கையை எடுத்துக்கொண்டார்.

"நீயுமா?"

"ஆமாங்க்கா."

"எம்பக்கத்துலயே படுத்துத் தூங்கிக்கிட்டு."

"ஆமாங்க்கா."

"என்னையாட்டம் எத்தனை பேரு வந்தாங்க?"

"எண்ணலைங்க்கா."

விளக்கை அணைத்துவிட்டுப் படுத்துக்கொண்டார்.

ஏப்ரல் 9, புதன்

காலையில் அக்கா பேசாமல் தலை வாரினார், சேலை கட்டினார், டிபன் எடுத்து வைத்தார். எனக்கும் ஒரு டப்பாவில் வைத்திருந்தார். கண்ணாடியில் தெரிந்த அவர் முகத்தை ஆறு விநாடிக்கு மேலேயே பார்த்தேன். நாற்பத்தைந்தாயிரம் முகத்துக்கு எண் போட்டவளுக்கு, இரண்டு மாதமாகக் கூடவே இருக்கும் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

அதனால் கேட்டேன்.

"கோவமாங்க்கா?"

"ஆமா" என்றார். செருப்பை மாட்டினார். "சாயங்காலம் வந்து பேசறேன். நல்லாத் திட்டணும் உன்னைய. எங்கயும் போயிராத."